கைக்கு ஏத்த துப்பாக்கி

— சார், சார், அதை மேசையில வைங்க. லைசென்ஸ் உங்க பேருல இல்ல, அம்மா பேருல இருக்கு.

— அட, சும்மா எடை பாத்தேன் மொதலாளி. நான் இவ புருசன்தான, வேத்தாளா? ராஜகுருன்னு பழங்காநத்தத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

— புருசனா இருந்தாலும் அப்புடித்தான் சார். கேட்டுக்கங்க, முப்பது வருசமா இந்தக் கடையில ஒரே சட்டம்தான். புஸ்தகத்துல யாரு போட்டோ ஒட்டிருக்கோ, அவுக கைதான் மொதல்ல படணும். அம்மா, ஹம்சவேணி நீங்கதான?

— ஆமாண்ணே.

— மேலூர் பக்கம் வி.ஏ.ஓ.ன்னு போட்டுருக்கு. வி.ஏ.ஓ. ஒருத்தரு துப்பாக்கி வாங்க எங்கடைப் படியேறுறது இதுதான் மொதத் தடவ. என் பேரு ஜனகராஜ்மா. பயப்படாம உக்காருங்க, இதெல்லாம் வெறும் இரும்பு, குண்டு போடல. வலது கைதான பழக்கம்?

— வலது கைதான்ணே. ஆனா மணிக்கட்டு கொஞ்சம்...

— பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா மொதலாளி. போன ஆடியில. உள்ள பிளேட் வச்சு ஸ்க்ரூ போட்டுருக்கு. நான்தான் ரெண்டு கையிலயும் அள்ளிப் போட்டுக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனேன். இன்னைய வரைக்கும் அடுப்புலருந்து குக்கரை நான்தான் எறக்குறேன், நம்புவீங்களா?

— நம்புறேன் சார். அம்மா, அந்தக் கையைக் குடுங்க. என் ரெண்டு வெரலையும் இறுக்கிப் புடிங்க. நல்லா, வலிக்கிற மாதிரி.

— புடிச்சுட்டேன்ணே.

— இம்புட்டுத்தானா?

— இம்புட்டுத்தான்ணே.

— சரி. அப்ப இந்தப் பெரிய பெட்டியை மூடிருவோம்.

— ஏன் மொதலாளி? அதுதான கெத்தா இருக்கு! போலீசு வச்சிருக்குற மாதிரி. அந்தச் சிவபாண்டிப் பய தூரத்துலருந்து பாத்தாலே வேட்டி நனைஞ்சிரும்.

— கெத்து எதுக்கு சார்? இது முக்கால் கிலோவுக்கு மேல. மேல் பாகத்தைச் சர்ருன்னு பின்னாடி இழுத்தாத்தான் குண்டு உள்ள ஏறும். அந்த இழுப்புக்கு ரெண்டு கையிலயும் வலு வேணும். அம்மாவால தயிர் பாட்டில் மூடியே தொறக்க முடியாது, பாத்தாலே தெரியுது. அது கெடக்கட்டும், யாரு சார் சிவபாண்டி?

— என்னா மொதலாளி, பேப்பர்லயே வந்துச்சே! இவ ரெண்டு கல்லு லாரியைப் புடிச்சா. பர்மிட் இல்லாம கெரானைட் ஏத்திட்டுப் போனது. அதுலருந்து மெரட்டி லெட்டரு. மூணு வந்துருச்சு. 'கல்லு மேல ஏறுன கை உம்மேல ஏற எம்புட்டு நேரம் ஆகும், இப்படிக்கு சிவபாண்டி'ன்னு. பேரைப் போட்டே எழுதுறான்னா எம்புட்டுத் திமிரு பாருங்க.

— போலீசு புடிக்கலையா?

— எவனைப் புடிக்கிறது? மேலூர் பஸ் ஸ்டாண்டுல நின்னு சிவபாண்டின்னு கத்துனா பாதிப் பேரு திரும்பிப் பாப்பான். அதான் கலெக்டர் ஆபீசுக்கு மனுப் போட்டு, ஏழு மாசம் நடையா நடந்து இந்த லைசென்ஸை வாங்குனோம். எனக்கு இவ உசுரு முக்கியம் மொதலாளி. இவ இல்லைன்னா நான் என்னத்துக்கு ஆவேன்?

— வாஸ்தவம்தான் சார். அம்மா, இந்தச் சின்னதைப் புடிச்சுப் பாருங்க. அரைக் கிலோதான். வெரலை டிரிக்கர்ல வைக்காதீங்க, பக்கவாட்டுல நீட்டி வைங்க. ஆங், அப்புடித்தான். எப்புடி இருக்கு?

— லேசா இருக்குண்ணே. கனமே தெரியல.

— இது! இதைப் போட்டுருங்க மொதலாளி. கைப்பையில போட்டா இருக்குறதே தெரியாது.

— அவசரப்படாதீங்க சார். தூக்குறதுக்கு லேசா இருக்குறதெல்லாம் சுடும்போது லேசா இருக்காது. கேட்டுக்கங்கம்மா, சின்னச் சுத்தியலை வச்சுச் சொவத்துல ஆணி அடிச்சுருக்கீங்களா? ஒவ்வொரு அடிக்கும் கை விறுவிறுங்கும். கனமான சுத்தியல்னா அந்த அதிர்ச்சியை அதுவே வாங்கிக்கும். அதே கதைதான் இங்கயும். எடை கொறஞ்சா ஒதை சாஸ்தி. குண்டு முன்னாடி போகும்போது துப்பாக்கி பின்னாடி ஒதைக்கும்ல, அந்த ஒதை முழுக்க இந்த ஸ்க்ரூ போட்ட மணிக்கட்டுல எறங்கும்.

— ஒதைச்சா ஒதைச்சுட்டுப் போகுது. ஒரு குண்டு போதும்ல?

— ஒரு குண்டுல எல்லாரும் குறி தப்பாம சுட்டுருவாகளா சார்? அம்மா கையில இது நிக்காது. மொத வெடியிலயே துள்ளிக் கீழ விழுந்துரும். எதுத்தாப்ல நிக்கிறவன் குனிஞ்சு எடுத்துக்குவான்.

— இவகிட்டருந்து லேசாப் புடுங்கிறலாம்னு சொல்றீங்க.

— அதைத்தான் சொல்றேன்.

— ம். ஆனா எனக்கென்னமோ மொதலாளி, இதுதான் சரின்னு படுது. வேணி, உனக்கு இது நல்லாருக்குல்ல? நல்லாருக்குன்னு சொல்லு.

— நல்லாருக்குங்க.

— பாத்தீங்களா? வாங்குறவளுக்கே புடிச்சுப்போச்சு.

— சார், இன்னொண்ணு இருக்கு, அதையும் காட்டிருறேன். அதுக்கு முன்னாடி ஒரு ஒத்தாசை பண்ணணும். லைசென்ஸ் புஸ்தகம் இங்கயே இருக்கட்டும், அம்மா ஆதாரு, ஆபீஸ் அடையாள அட்டை, எல்லாம் மூணு மூணு ஜெராக்ஸ் வேணும்.

— எதுத்த கடையில எடுத்துக்கலாமே, நீங்களே ஆள் அனுப்புங்க.

— எதுத்த கடையில மெஷின் ரிப்பேரு. ரெண்டு தெரு தள்ளிப் போகணும். என்கிட்ட ஆளும் இல்ல. இன்னொண்ணு, டம்மிக் குண்டு போட்டுப் பழக்கிக் காட்டுவேன். அப்ப லைசென்ஸ்காரரைத் தவிர யாரும் உள்ள இருக்கக்கூடாது. அதுவும் நம்ம கடைச் சட்டம்.

— இவளைத் தனியா விட்டுட்டா? நான் இவளைத் தனியா விடுறதே இல்ல மொதலாளி. ஆபீசுக்கு நான்தான் கொண்டுபோயி விடுறேன், சாயந்தரம் நான்தான் கூட்டிட்டு வாரேன். போன் வந்தாக்கூட நான்தான் எடுக்குறேன். சிவபாண்டி எந்தப் பக்கத்துலருந்து வருவான்னு யாருக்குத் தெரியும்?

— துப்பாக்கிக் கடைக்குள்ளயா சார் வருவான்?

— ஹா... அதுவும் சரிதான். போனை மட்டும் குடு வேணி, நான் வச்சிருக்கேன். பதினஞ்சே நிமிசம். பதினஞ்சு நிமிசத்துல வாரேன்.

— போயிட்டு வாங்க சார். படி பாத்து.

— அண்ணே, கதவைச் சாத்தவா?

— சாத்துங்கம்மா. தாப்பாளும் போட்டுக்கங்க, டம்மி போடும்போது யாரும் வரக்கூடாது.

— எதுத்தாப்ல அஞ்சடி தூரம்ணே. அதுக்கு மேல இருக்காது. அதுக்கு எது சரியா வரும்?

— அஞ்சடியா? லாரிக்காரன் அம்புட்டுக் கிட்டவா வருவான்?

— வருவாங்க. உக்காந்த வாக்குல சுட முடியுமாண்ணே? படுத்துருக்கும்போது? எடது கையில புடிச்சா?

— ஏம்மா, இருங்க, இருங்க. மூச்சு விட்டுக் கேளுங்க. இந்தாங்க, இதைப் புடிங்க. இது பாயிண்ட் இருபத்திரெண்டு அளவுக் குண்டு போடுற துப்பாக்கி. குண்டு சின்னது, அதனால ஒதையும் கம்மி. ஒடம்பு பூரா எஃகு, அதனால அந்தச் சின்னது மாதிரி துள்ளாது. ரெண்டு கையாலயும் புடிங்க. வலது கை சும்மா தாங்கட்டும், எடது கை அதைக் கட்டிப் புடிக்கட்டும். முட்டியை விறைக்காதீங்க. இப்ப மெதுவா டிரிக்கரை இழுங்க.

— இழுக்க வரலையேண்ணே.

— வரும். வெரல் நுனியால இழுக்காதீங்க, மொதக் கணுவுல வச்சு இழுங்க. இன்னொருக்க.

— ஆ... வந்துருச்சு! வந்துருச்சுண்ணே!

— இன்னொருக்க.

— வருதுண்ணே. இது கையில நிக்குது. அண்ணே, இது நிக்குதுண்ணே!

— பாத்தீங்களா, மொகமே மாறிப்போச்சு. உள்ள வரும்போது எழவு வீட்டுக்கு வந்தவுக மாதிரி இருந்தீக. சரி, இதை வீட்டுல எங்க வைப்பீங்க? பீரோவுல பூட்டி வைக்கணும், சாவி உங்ககிட்டதான் இருக்கணும். யாருகிட்டயும் குடுக்கக்கூடாது.

— எங்கிட்ட சாவின்னு ஒண்ணுமே இல்லண்ணே. பீரோ சாவி, வண்டிச் சாவி, வாசக்கதவுச் சாவி, எல்லாம் அவருகிட்டதான்.

— ஏ.டி.எம். கார்டு?

— அதுவும்.

— அம்மா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. அன்னக்கொடின்னு பேரு. அவளும் அடிக்கடி பாத்ரூம்ல வழுக்கி விழுவா. ஒருக்கா கண்ணு வீங்கிரும், ஒருக்கா கை. நாங்களும் பாத்ரூமுக்குப் புதுசாக் கல்லு போட்டுக் குடுத்தோம், கூறு கெட்டவங்க.

— உங்க தங்கச்சி இப்ப எங்கண்ணே இருக்காங்க?

— இல்லம்மா.

— இன்னொருக்க டிரிக்கரை இழுத்துப் பாத்துக்கவாண்ணே?

— சொல்ல வேணாம்னா விடுங்க. நான் பாட்டுக்குக் கெழவன் ஒளறுறேன்.

— கதவு நெலைக்கு நடுவுல என் கையை வச்சு அவரு கதவைச் சாத்துனாருண்ணே. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போன் பண்ணுனதுக்கு. ரெண்டு கையிலயும் அள்ளிக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனாருல்ல, அது நெசம். வழியெல்லாம் அழுதாரு. அதுவும் நெசம்.

— நாசமாப் போக. ஸ்டேஷனுக்குப் போகலையா நீங்க?

— ரெண்டு தடவ போனேன்ணே. உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தாங்க. 'அரசாங்க வேலையில இருக்கீங்க, வெளிய தெரிஞ்சா அசிங்கம், சமாதானமாப் போங்க'ன்னாங்க. அவரு அங்கயே எங்கால்ல விழுந்தாரு. அங்க இருந்தவுகளே கலங்கிப்போயிட்டாங்க. வீட்டுக்கு வந்து என்ன பண்ணுனாருன்னு அவங்களுக்குத் தெரியாதே.

— ஏம்மா அவரு இப்புடி? குடியா?

— குடியெல்லாம் இல்லண்ணே. செல்போன் கடை வச்சாரு, போச்சு. கோழிப்பண்ணை போட்டாரு, அதுவும் போச்சு. நான் பரிச்சை எழுதி வாங்குன வேலையை வச்சுத்தான் வீடு ஓடுது. ஒருநாள் சோறு தின்னுக்கிட்டே சிரிச்சாரு. 'வேலையில இருக்கயில செத்துப்போனா வீட்டுல ஒருத்தருக்கு அந்தக் கருணை வேலை குடுப்பாங்களாமே வேணி, எனக்கு வயசு இருக்குல்ல?'ன்னாரு. நானும் சிரிச்சுட்டேன்ணே. அப்பறம் பாத்தா, அதுக்கு என்னென்ன சான்றிதழ் வேணும்னு எங்க ஆபீஸ் கிளார்க் தமிழ்வாணிகிட்டயே கேட்டுருக்காரு. அவதான் எங்கிட்ட வந்து சொன்னா.

— அடப்பாவி! இதுல அந்தச் சிவபாண்டி வேற. ரெண்டு பக்கமும் இடின்னா நீங்க என்னம்மா செய்வீங்க?

— சிவபாண்டின்னு ஒரு ஆளே கெடையாதுண்ணே.

— என்னா சொல்றீங்க?

— லாரியைப் புடிச்சது நெசம். அவங்க அபராதத்தைக் கட்டிட்டு, 'வாரோம் மேடம்'னுட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்பறம் என்னைய ஏறெடுத்துப் பாக்கல. லெட்டரு மூணும் நான் எழுதுனது. வலது கை கட்டுல கெடந்துச்சு, எடது கையாலதான் எழுத முடிஞ்சுச்சு. அதுவே சவுகரியமாப் போச்சு, என் எழுத்துன்னு யாருக்கும் தெரியல. பேரும் நான் வச்சதுதான். பட்டா மனுவுல தெனம் நாலு சிவபாண்டி வருவான், அதுல ஒண்ணைப் போட்டேன்.

— எதுக்கும்மா இம்புட்டு வேலை?

— புருசனுக்குப் பயமா இருக்கு, துப்பாக்கி குடுங்கன்னு எழுதுனா யாருண்ணே குடுப்பா? கல்லு லாரிக்காரனுக்குப் பயமா இருக்குன்னா குடுக்குறாங்க. அன்னைக்கே வந்து விசாரிச்சாங்க. எங்க தாசில்தாரு கைப்பட சிபாரிசு எழுதுனாரு. என் கை ஒடஞ்சப்ப அந்த மனுசன் ஒரு ஆரஞ்சுப் பழம்கூட வாங்கிட்டு வரல.

— உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?

— தெரியாதுண்ணே. நம்பிட்டாரு. வாசல்ல லைட்டுப் போட்டு, கேமரா மாட்டி, பக்கத்து வீட்டுக்கெல்லாம் போயி 'சிவபாண்டியால எங்களுக்கு ஆபத்து'ன்னு சொல்லிவச்சிருக்காரு. சொந்தக்காரங்க, ஆபீசு, கோயில் பூசாரி வரைக்கும் சொல்லியாச்சு. சிவபாண்டி வந்ததுலருந்து என்மேல கை வைக்கல தெரியுமா? தட்டுல சோறு போட்டு ஊட்டி விடுறாரு. அதான்ணே எனக்குத் தூக்கமே வரல.

— அம்மா, கேட்டுக்கங்க. இதை நான் உங்களுக்குக் குடுத்தா நேரா அவரு பீரோவுக்குத்தான் போகும். அதை யோசிச்சீங்களா?

— நான் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகலண்ணே. தமிழ்வாணி பரவையில அவ அம்மாகூட மட்டும்தான் இருக்கா. அங்க போறேன். இன்னைக்கே. இங்கருந்தே. ஒரு வாரத்துல கண்டுபுடிச்சு வந்து கதவைத் தட்டுவாரு. அழுவாரு, கால்ல விழுவாரு, அவங்களும் பாவம்னு தொறந்து விட்டுருவாங்க. அப்ப என் கையில இது இருக்கணும். சுடணும்னு இல்லண்ணே. எனக்குக் கொல்லவெல்லாம் தெரியாது. அவரு அஞ்சடியில நின்னு, அதுக்கு மேல ஒரு எட்டு வைக்க யோசிக்கணும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்.

— கை நடுங்குனா?

— நடுங்காதுண்ணே. இப்ப புடிச்சேன்ல, நடுங்குச்சா?

— இல்ல. நடுங்கல.

— குடுப்பீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க. நேரம் ஓடுது.

— எந்தங்கச்சி ஒரு நாள் இந்தக் கடைக்கு வந்து இதே ஸ்டூல்ல உக்காந்துருந்தா. சாயந்தரம் வரைக்கும் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. யாவாரம் பாத்துக்கிட்டு இருந்தேன். அவளை நானேதாம்மா பஸ் ஏத்தி விட்டேன். அந்தப் பாவம் என்னைய விடாது. கையெழுத்தைப் போடுங்க. இங்க, அப்பறம் இங்க. காசை மெதுவாக் குடுங்க. ஜெராக்ஸ் வேணாம், லைசென்ஸ் புஸ்தகத்துல பதிஞ்சாப் போதும். அவரை வெளிய அனுப்பத்தான் அதைச் சொன்னேன்.

— அண்ணே...

— அழாதீங்க, எழுத்து கலங்கிரும். பின்னாடி குடோன் வழியாப் போனா சந்து. சந்து முக்குல ஆட்டோ நிக்கும், இருளாயின்னு ஒரு பொம்பள ஓட்டுது. ஜனகராஜ் அனுப்புனாருன்னு சொல்லுங்க, பரவையில கொண்டுபோயி விட்டுரும். குண்டு தனிப் பெட்டியில இருக்கு. தமிழ்வாணி வீட்டுக்குப் போறவரைக்கும் போடாதீங்க.

— அவரு வந்து கேட்டா?

— கக்கூஸுக்குப் போயிருக்காகன்னு சொல்றேன். எம்புட்டு நேரம் நம்புறாரோ நம்பட்டும்.

— கதவைத் தட்டுறாங்கண்ணே.

— அதுக்குள்ளயா? பத்து நிமிசம்கூட ஆகலையே. சத்தம் போடாதீங்க, பையை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் நில்லுங்க. யாரு?

— நான்தான் மொதலாளி, ராஜகுரு! தாப்பாளைத் தொறங்க, சீக்கிரம்! வேணி, வேணிம்மா, இப்பத்தான் உன் போனுக்கு அந்தச் சிவபாண்டியே பேசுனான். இன்னைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள உன்னைய முடிச்சிருவேன்னு அவன் வாயாலயே சொன்னான்டி. நீ ஒண்ணும் பயப்படாத, அவன் சொன்னதை அப்புடியே ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் வாரேன்.